எழுபது வருஷம்: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

எங்கள் பெரியம்மாவின் வீடு மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறது. விறாந்தைச் சுவரில் ஓர் ஆணி. அதில் வருஷத்துக்கொரு கலண்டர் மாறும், வசனம் மட்டும் பெரும்பாலும் மாறாது. எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது யாராவது ஒருவருக்கு அது வந்தே தீரும். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கும், கட்டாருக்குப் போகிற மகனுக்கும், கலியாணம் சரிவராமல் இழுபடுகிற மகளுக்கும் அதே வசனம்தான்.

ஒருநாள் வேதப்பாட வகுப்பில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை கேட்டாள். "அண்ணன், இதுக்கு முதல் வசனத்தை ஏன் ஒருத்தரும் அச்சடிக்கிறதில்ல?"

பத்தாம் வசனம் சொல்வது இதுதான்: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்பு உங்களைச் சந்திப்பேன், இவ்விடத்துக்குத் திரும்பி வரப்பண்ணுவேன். எழுபது வருஷம்! அதைக் கலண்டரில் போட்டால் யார் வாங்கப்போகிறார்கள்?

அவள் அத்தோடு விடவில்லை. "எண்ணியும் பார்த்தன். சரியா வரல்ல." எப்படி எண்ணினாய் என்று கேட்டேன். எருசலேம் ஆலயம் எரிந்தது கி.மு. 586. பாரசீக ராஜா கோரேசு யூதரைப் போகவிட்டது 538. கழித்தால் 48. "மிச்சம் இருபத்திரண்டு வருஷம் எங்க போச்சு அண்ணன்?"

அன்றைக்கு நான் "மறுகா பார்ப்பம்" என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன். எங்கள் ஊரின் 'மறுகா'வுக்கு நேரம் காலம் கிடையாது. நாளைக்கும் மறுகாதான், அடுத்த வருஷமும் மறுகாதான். ஆனால் கேள்வி விடவில்லை. தீர்க்கதரிசனங்களின் காலக்கணக்கைப் பற்றி மேடைகளில் பேசப்படுவதில் பாதி, அந்த இருபத்திரண்டு வருஷத்தைச் சரியாகப் பார்த்தாலே தெளிந்துவிடும் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் கடிதம் யாருக்குப் போனது என்று பார்க்கவேண்டும். ஏனென்றால் எரேமியா 29 பிரசங்கம் அல்ல, கடிதம்.

எருசலேம் ஒரே நாளில் விழவில்லை. கி.மு. 605இல் நேபுகாத்நேச்சார் கர்கேமிசில் எகிப்தின் படையை முறியடித்தான். அதோடு சீரியாவும் பலஸ்தீனமும் பாபிலோனின் கைக்குள் வரத் தொடங்கின. 597இல் எருசலேம் முதல்முறை பிடிபட்டது. இந்த நாள் நமக்குத் துல்லியமாகவே தெரியும். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிற பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, நேபுகாத்நேச்சாரின் ஏழாம் வருஷம் அதார் மாதம் இரண்டாம் நாள் நகரம் பிடிபட்டது என்கிறது. நம் கணக்கில் அது 597 மார்ச் 16. ராஜா யோயாக்கீனும் அவனுடைய தாயும் பிரபுக்களும் தச்சரும் கொல்லரும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். (அப்பன் யோயாக்கீம், மகன் யோயாக்கீன். அந்த ஒரு மெய்யெழுத்தில் தடுக்கி விழாத ஞாயிறுபள்ளி ஆசிரியர் யாரும் இருக்க முடியாது.) ஆலயம் நின்றது, நகரமும் நின்றது. சிதேக்கியா சிங்காசனத்தில் உட்கார்த்தி வைக்கப்பட்டான். ஆலயம் எரிந்தது இதற்குப் பத்துப் பதினொரு வருஷம் கழித்து.

கடிதம் போனது இந்த இடைவெளியில். ஆகவே அதைக் கையில் வாங்கியவர்கள் எல்லாவற்றையும் இழந்து முடித்தவர்கள் அல்ல. ஊரில் வீடு இருக்கிறது, ஆலயம் இருக்கிறது, சொந்தக்காரர் இருக்கிறார்கள். இன்றைக்கோ நாளைக்கோ திரும்பிவிடலாம் என்று மூட்டையை அவிழ்க்காமல் வைத்திருந்தவர்கள். அந்த நம்பிக்கைக்குத் தேதி போட்டுக் கொடுக்கவும் ஒருவர் வந்தார். கிபியோன் ஊர் அனனியா. சிதேக்கியாவின் நாலாம் வருஷம் ஐந்தாம் மாதத்தில், ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக, இன்னும் இரண்டே வருஷம், ராஜாவும் வருவான், கொண்டுபோன பணிமுட்டுகளும் வரும் என்றார். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தை அனனியா எடுத்து உடைத்தும் காட்டினார்.

இதில் எனக்குப் பிடித்தது எரேமியாவின் முதல் பதில். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் ஆசைதான். அப்புறம், சமாதானம் என்று சொல்லுகிற தீர்க்கதரிசி சொன்னது நடக்கும்போதுதான் அவன் அனுப்பப்பட்டவனா என்று தெரியும் என்று சொல்லிவிட்டு, பேசாமல் தன் வழியே போய்விட்டார். உடைந்த மரநுகத்துக்குப் பதிலாக இரும்புநுகம் வரும் என்ற வார்த்தை அவருக்கு வந்தது அதற்குப் பிறகு. இரண்டு வருஷம் என்ற அனனியா இரண்டு மாதத்தில், அதே வருஷம் ஏழாம் மாதத்தில், செத்துப்போனார்.

இந்தப் பின்னணியில் கடிதத்தை வாசித்தால்தான் அதன் கசப்புத் தெரியும். வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். கலியாணம் கட்டுங்கள், பிள்ளைகளுக்கும் கட்டிவையுங்கள். உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். எழுபது வருஷம் முடியட்டும், நான் உங்களைச் சந்திப்பேன்.

கடிதத்தைப் பிடித்த கை இருபது வயதுக் கையாக இருந்தாலும், எழுபதின் முடிவை அது தொடும் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று பதினோராம் வசனத்தில் கேட்டவர்களில் அநேகர், பத்தாம் வசனத்தின்படி, பாபிலோனிலேயே சாகவேண்டியவர்கள். அந்தக் கடிதத்துக்கு எதிர்ப்பும் வந்தது. செமாயா என்றொருவர் அங்கிருந்து எருசலேமுக்குக் கடிதம் எழுதி, இருப்பு நெடுங்காலம் என்று எழுதுகிற இந்தப் பைத்தியக்காரனை ஏன் இன்னும் கட்டிப்போடவில்லை என்று ஆசாரியனைக் கேட்டார். அதுவும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

எங்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் முகாமில் கிடந்து எழும்பியவர்களுக்கு இந்த இடத்தை விளக்கவேண்டியதில்லை. 1990, 2004, 2007, எந்த இடப்பெயர்வை எடுத்தாலும் "ஆறு மாசத்தில போயிரலாம்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். சுனாமிக்குப் பிறகு பெரியம்மா தற்காலிகக் கொட்டிலின் பின்பக்கம் ஒரு முருங்கைத் தடியைக் குத்தி வைத்தார். "இஞ்சயே இருக்கப் போறீங்களாக்கா?" என்று பக்கத்துக் கொட்டிலில் சிரித்தார்களாம். "காய்க்கிற வரைக்கும் இருந்தா கறிக்காகும். போயிட்டா, வாற ஆள் திங்கட்டும்" என்றாராம். அவர் எரேமியாவை நினைத்துச் செய்ததாக நான் சொல்லவில்லை. முருங்கை லேசாகப் பிடிக்கும், அதனால் நட்டிருப்பார்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம்.

ஆலயம் எரிந்த 586இலிருந்து கோரேசின் கட்டளை வந்த 538 வரை 48 வருஷம். யோயாக்கீனோடு முதல் கூட்டம் போன 597இலிருந்து எண்ணினால் 59. நேபுகாத்நேச்சார் ராஜாவான 605இலிருந்து எண்ணினால் 67. திரும்பியவர்கள் ஊருக்கு வந்து அஸ்திபாரம் போட்ட 536 வரைக்கும் நீட்டி, இரண்டு முனையையும் சேர்த்துக்கொண்டால் 70. பழைய பிரசங்கிமார் பெரும்பாலும் கையாண்டது இந்தக் கணக்கைத்தான். இன்னொரு வழியும் இருக்கிறது. ஆலயம் எரிந்த 586இலிருந்து, இரண்டாம் ஆலயம் கட்டிமுடிந்த 516 வரை எண்ணினால் நேராக எழுபது.

இத்தனை கணக்கில் எது சரி? இந்த இடத்தில் வசனத்தின் ஒரு வேற்றுமை உருபு குறுக்கே வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் "பாபிலோனில் எழுபதுவருஷம்" என்கிறது. எபிரெயத்தில் அந்தச் சொல்லின் முன்னொட்டு முதலாவதாக 'க்கு' என்ற பொருளையே தரும்: "பாபிலோனுக்கு எழுபது வருஷம்". 'இல்' என்றால் யூதர் அங்கே தங்கியிருந்த காலம். 'க்கு' என்றால் பாபிலோனுக்குக் கொடுக்கப்பட்ட காலம், அதன் ஆட்சித் தவணை. 25ஆம் அதிகாரமும் இதற்கே இடம் கொடுக்கிறது. அங்கே சேவிப்பது யூதா மட்டுமல்ல, "இந்த ஜாதிகள்". எழுபது முடிகிறபோது நடப்பதாகச் சொல்லப்படுவதும் பாபிலோன் ராஜாவின் தண்டனைதான். அசீரியாவின் கடைசி மூச்சு ஆரானில் அடங்கி, பாபிலோனுக்குப் போட்டியாக வடக்கே அசீரியா என்று ஒன்று இல்லாமல் போனது 609. பாபிலோன் கோரேசின் கையில் விழுந்தது 539. வித்தியாசம் எழுபது.

அந்தப் பிள்ளையின் 22 வருஷம் தொலையவே இல்லை. எண்ணத் தொடங்கிய இடமும் முடித்த இடமும் வசனம் காட்டிய இடங்கள் அல்ல, அவ்வளவுதான்.

இது தப்பித்துக்கொள்ளச் சொல்கிற நியாயம்போலத் தோன்றலாம். தொடக்கத்தையும் முடிவையும் மாற்றிக்கொண்டே போனால் எந்த எண்ணையும் எங்கேயும் பொருத்தலாமே என்று கேட்டால், நியாயமான கேள்விதான், அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் நாம் வயலில் எண்ணுவது எப்படியென்று ஒருமுறை யோசியுங்கள். அம்பாறைப் பக்கம் மானாவாரி வட்டைகளில் மழைக்கு முந்திப் புழுதியில் விதைத்துவிடுவார்கள். மூன்றரை மாத நெல் என்றால் மூன்றரை மாதம் எப்போது தொடங்குகிறது? விதைத்த நாளிலா, மழை விழுந்து முளைத்த நாளிலா? எந்த விவசாயியும் இதில் குழம்புவதில்லை. மண்ணில் கிடந்த காலத்தை நெல் எண்ணாது என்று அவருக்குத் தெரியும். நூற்றைந்தாம் நாள் அரிவாளோடு வரம்பில் நின்றுகொண்டு நெல் பொய் சொல்லிவிட்டது என்றும் சொல்லமாட்டார். முப்பத்தொன்றுக்கு நாள் பார்க்கும்போது இறந்த நாளையும் சேர்த்தே எண்ணுகிறோம். வெள்ளியன்று அறையுண்டவர் ஞாயிறன்று எழுந்ததை "மூன்றாம் நாள்" என்று சொல்ல நமக்குக் கூச்சமில்லாததும் அதனால்தான். முனைகளைச் சேர்த்து எண்ணும் வழக்கம் அன்று அங்கேயும் இருந்தது.

எழுபது என்ற எண்ணும் அந்தக் காலத்தில் வெறும் கணக்கு எண் அல்ல. 90ஆம் சங்கீதம் மனிதனின் ஆயுசை எழுபது வருஷம் என்கிறது. ஏசாயா 23இல் தீரு பட்டணம் மறக்கப்பட்டிருப்பதும் எழுபது வருஷம், "ஒரு ராஜாவுடைய நாட்களின்படி" என்ற விளக்கத்தோடு. இஸ்ரவேலுக்கு வெளியிலும் இதே எண் வருகிறது. அசீரிய ராஜா சனகெரிப் 689இல் பாபிலோனை இடித்துத் தரைமட்டமாக்கினான். அவனுடைய மகன் எசரத்தோனுக்கு அதைத் திரும்பக் கட்ட ஆசை. ஆனால் மர்தூக் தெய்வம் பாபிலோன் எழுபது வருஷம் பாழாய்க் கிடக்க வேண்டுமென்று விதித்திருப்பதாகச் சொல்லப்பட்டது. வழி என்ன? ஆப்பு எழுத்தில் எழுபதை ஒரு செங்குத்துக் கீறலும் ஒரு கோணக் கீறலுமாக எழுதுவார்கள். செங்குத்து முதலில் நின்றால் அறுபது, கோணம் பத்து, கூட்டினால் எழுபது. இரண்டையும் இடம் மாற்றினால் பத்தும் ஒன்றும், பதினொன்று. மர்தூக் மனமிரங்கி எழுத்தைப் புரட்டிவிட்டார், பதினோராம் வருஷத்திலேயே கட்டச் சொல்லிவிட்டார் என்று எசரத்தோன் கல்வெட்டில் எழுதி வைத்தான். அரசாங்கக் கணக்குப்பிள்ளைகள் அன்றைக்கும் கெட்டிக்காரர்கள்தான்.

ஒரு நகரம் தெய்வகோபத்தின் கீழ் கிடக்கிற காலத்துக்கு எழுபது என்று சொல்வது எரேமியாவுக்கு முன்பே அந்தப் பிரதேசத்தின் பேச்சில் இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் எரேமியா சொன்ன எழுபது கணக்கா, ஓர் ஆயுசு என்ற பேச்சா? கேட்டவர்களுக்கு முதலில் "உன் ஆயுசில் இல்லை" என்றே அது காதில் விழுந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். 609இலிருந்து 539 வரை அது கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்து வியக்க விசுவாசிக்கு உரிமை உண்டு. அந்த வியப்பையே நிரூபணம் என்று மேடையில் விற்கும்போதுதான் எனக்கு நெருடுகிறது.

இதைத் துணிந்து சொல்ல ஒரு காரணம், வேதாகமத்துக்குள்ளேயே இந்த எழுபதை நாலு பேர் நாலு விதமாக வாசிக்கிறார்கள். நாளாகமக்காரர் லேவியராகமத்தை இதோடு முடிச்சுப் போடுகிறார்: தேசம் தனக்கு மறுக்கப்பட்ட ஓய்வு வருஷங்களை எழுபது வருஷம் அனுபவித்தது என்கிறார். அவருக்கு அது நிலத்தின் கணக்கு, தரிசு கிடந்த வயலின் கணக்கு. எஸ்றாவின் முதல் வசனம் கோரேசின் கட்டளையோடு எரேமியாவின் வார்த்தை நிறைவேறியது என்று எழுதிவிட்டு, எண்ணைச் சொல்லாமலே கடந்துபோகிறது. சகரியாவோ, ஜனங்கள் திரும்பி வந்து பதினெட்டு வருஷமளவு கழித்தும், பாரசீக ராஜா தரியுவின் இரண்டாம் வருஷத்தில், "இந்த எழுபது வருஷமாய்" எருசலேமின்மேல் இரங்காதிருப்பீரோ என்று தூதன் கேட்பதாக எழுதுகிறார். அவருக்குக் கணக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆட்கள் வந்து, ஆலயம் எரிந்த ஐந்தாம் மாதத்தின் துக்கத்தை இனியும் அனுசரிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். பதிலில் மறுபடியும் அந்த எழுபது வருஷம். ஊருக்குத் திரும்புவது ஒன்று, துக்கம் முடிவது வேறு. டிசம்பர் 26ஆம் தேதி காலையில் இந்தக் கரையோரம் விளக்கேற்ற வருகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நாலாவது ஆள் தானியேல். ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் எரேமியாவின் சுருளை வைத்துக்கொண்டு எண்ணுகிறார். எண்ணிவிட்டுத் தேதியை அறிவிக்கவில்லை. இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுகிறார். இது பலர் தாண்டிப்போகிற இடம். அவருக்குக் கிடைத்த பதில் எழுபது வருஷம் அல்ல, எழுபது வாரம். வாரம் என்பதை ஏழு வருஷம் என்று கொண்டால் 490.

இங்கிருந்துதான் பிற்காலத்தின் தேதிக் கணக்குத் தொழிலே தொடங்குகிறது. எருசலேமைக் கட்டக் கட்டளை வெளிப்படுவது முதல் எண்ணவேண்டும் என்கிறது வசனம். எந்தக் கட்டளை? கோரேசின் 538ஆ, எஸ்றாவுக்கு அர்தசஷ்டா கொடுத்த 457ஆ, நெகேமியாவுக்குக் கொடுத்த 445 அல்லது 444ஆ? 457இலிருந்து, மேசியா வரும்வரைக்கும் என்று வசனம் சொல்கிற 69 வாரம், அதாவது 483 வருஷம் எண்ணினால், இடையில் பூச்சிய வருஷம் இல்லாததால், கி.பி. 27இல் வந்து நிற்கிறது. இயேசுவின் ஞானஸ்நானம் அது என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் காவல்துறையின் உயரதிகாரி ராபர்ட் அண்டர்சன் 445ஐ எடுத்து, வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்து, 173,880 நாளைக் கி.பி. 32 ஏப்ரல் 6இல், இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் வந்த நாள் அதுவென்று, கொண்டுபோய் இறக்கினார். பார்க்க அழகான கணக்கு. ஆனால் அது நிற்க 360 நாள் வருஷமும் வேண்டும், 32இல் சிலுவையும் வேண்டும். அறிஞர்கள் பெரும்பாலும் சொல்வது 30 அல்லது 33. இன்னொரு சாரார் இந்த வாரங்களின் முடிவைக் கி.மு. 167இல் அந்தியோகு எபிபானஸ் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய காலத்தில் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் 490 நேராகப் பொருந்துவதில்லை.

தொடக்கப்புள்ளி ஒன்று ஆடினால் கட்டடமே ஆடும் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8இன் 2300 நாளை வருஷமாக்கி, 457இலிருந்து எண்ணி, இயேசுவின் இரண்டாம் வருகை 1843 என்றார். பிறகு பூச்சிய வருஷம் இல்லை என்பது திருத்தப்பட்டு, அவருடைய இயக்கம் 1844 அக்டோபர் 22இல் வந்து நின்றது. அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்களும் இருந்தார்கள். 23ஆம் தேதி விடிந்தது. யெகோவாவின் சாட்சிகள் எருசலேமின் அழிவைக் கி.மு. 607இல் வைத்து, அதிலிருந்து 2520 வருஷம் எண்ணி, கிறிஸ்துவின் பரலோக ஆட்சி தொடங்கியதாக அவர்கள் சொல்கிற 1914க்கு வருகிறார்கள். பாபிலோனியப் பலகைகளை வைத்து எழுதும் வரலாற்றாசிரியர்கள் அந்த அழிவை 587 அல்லது 586இல் வைக்கிறார்கள். அந்த இருபது வருஷம் நகர்ந்தால் 1914உம் சேர்ந்து நகரும்.

முன்பு ஒத்திவைத்த கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. எந்த எண்ணையும் எங்கேயும் பொருத்தலாமா? பொருத்தலாம், நிகழ்ச்சி நடந்து முடிந்த பிறகு. ஆகவே ஒரு விளக்கத்தை மதிப்பிட நான் கேட்பது ஒன்றுதான்: தொடக்கப்புள்ளியை வசனம் கொடுக்கிறதா, அல்லது வரவேண்டிய விடைக்கு ஏற்றபடி விளக்குகிறவர் தேர்ந்தெடுத்தாரா? 609ஐக்கூட வசனம் பெயர் சொல்லிக் காட்டவில்லை என்பதை நான் ஒளிக்கக்கூடாது. பாபிலோனின் காலம் என்று மட்டுமே அது சொல்கிறது. 609ஐ நாம்தான் வைக்கிறோம்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு மிக அருகில் வந்த வசனத்தைப் பார்க்கவேண்டும். லூக்கா 21:25: "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்." 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். நாவலடி, கல்லடி, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று கரை முழுவதும் கடல் ஏறியது. அதற்கடுத்த வாரங்களில் அந்த வசனம் கேட்காத கூட்டம் இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகும் கடைசிக்காலப் பேச்சு இப்படித்தான் எழுந்தது என்று மூத்தவர்கள் சொன்னார்கள். பயந்துபோன ஜனத்துக்கு நடந்ததற்கு ஓர் இடம் தேவைப்பட்டது, வசனம் அதைக் கொடுத்தது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் செத்த பிள்ளையின் தாயிடம் "இது அடையாளம்" என்று போய்ச் சொன்னவர்களை இன்றைக்கும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் பேச்சு ஆலயத்தின் கற்களில் தொடங்குகிறது. ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது, எப்போது என்று சீஷர்கள் கேட்கிறார்கள். சேனைகள் எருசலேமைச் சூழ்வதைக் காணும்போது ஓடிப்போங்கள் என்று பதில் வருகிறது. கி.பி. 70இல் தீத்துவின் ரோமப்படை அதைச் செய்து முடித்தது. பேச்சுக்கும் அழிவுக்கும் நாற்பது வருஷமளவு. "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்ற வார்த்தைக்குள் அது அடங்கும். அதற்குப் பிறகு வருகிற மனுஷகுமாரனின் வருகை மட்டும் 70க்குள் அடங்குமா, அப்பால் நிற்கிறதா என்பதில் சபைகள் இன்றுவரை பிரிந்தே நிற்கின்றன. நான் அப்பால் என்று வாசிக்கிறேன். இன்னும் சிலர் அந்தச் சந்ததியை இஸ்ரவேல் நாடு உருவான 1948க்குக் கொண்டுபோய், நாற்பதைக் கூட்டி, 1988 என்றார்கள். 1988 போய்விட்டது. சந்ததியை எண்பதாக்கியும் பார்க்கிறார்கள்.

தேதி தவறினால் தீர்க்கதரிசி பொய்யனா? உபாகமம் 18 ஆம் என்கிறது. ஆனால் இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்ற யோனாவின் வார்த்தை நடக்கவில்லை, அவரை யாரும் பொய்யன் என்பதில்லை. குயவன் வீட்டில் எரேமியாவுக்குச் சொல்லப்பட்டது இதற்கு விடை. ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று சொன்ன பிறகும் அது திரும்பினால் நானும் மனஸ்தாபப்படுவேன். கேட்கிறவன் திரும்பவேண்டும் என்பதற்காகத்தான் நாளே குறிக்கப்படுகிறது. அனனியாவின் இரண்டு வருஷத்தில் கேட்பவன் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை, காத்திருந்தால் போதும். எரேமியாவின் எழுபதில் வீடு கட்டவேண்டும்.

கட்டினார்கள். பாபிலோன் தேசத்துக் களிமண் பலகைகளில் 'யூதாவின் ஊர்' என்று பெயரிடப்பட்ட குடியிருப்பு ஒன்று வருகிறது. அதன் மிகப் பழைய பலகை கி.மு. 572ஐச் சேர்ந்தது. குத்தகை, கடன், வரி, கலியாணம் என்று சாதாரணமான எழுத்துகள். யோயாக்கீன் ராஜாவுக்கும் அவனுடைய பிள்ளைகளுக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கும் கிடைத்திருக்கிறது. விடுதலை வந்தபோது பலர் திரும்பவே இல்லை. அதற்கு நூறு வருஷத்துக்குப் பின்னும் நிப்பூரின் வியாபாரக் கணக்குகளில் யூதப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன.

இத்தனைக்கும் நடுவில் எரேமியா எருசலேமில் செய்த ஒரு காரியம் இருக்கிறது. வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு நான் கடைசியில் காட்டியது 32ஆம் அதிகாரம். சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் படை நகரைச் சூழ்ந்து நிற்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அப்போது உறவுமுறைச் சகோதரன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். எதிரியின் படை ஏறி நிற்கிற மண். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். உறுதி இரண்டு பிரதி, ஒன்று முத்திரை போட்டது, ஒன்று திறந்தது. இரண்டையும் தன் எழுத்தர் பாரூக்கின் கையில் கொடுத்து, அநேகநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார்.

"உறுதியா?" என்றாள் அவள். ஆம், காணி உறுதிதான். அவள் வீட்டு உறுதியும் கடலோடு போனது எனக்குத் தெரியும். எடுப்பதற்கு அவளுடைய அம்மா கச்சேரிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் நடந்ததும் தெரியும்.

எரேமியா அந்த நிலத்தில் குடியிருந்ததாக எங்கும் இல்லை. அவருக்குப் பெண்சாதி பிள்ளைகள் இல்லை, கட்டவேண்டாம் என்று சொல்லப்பட்டவர். நகரம் விழுந்த பிறகு ஜனங்கள் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மண்பாண்டத்தை யார் திறந்தார்கள் என்று வேதாகமம் சொல்லவில்லை.

அவளை எஸ்றா இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டச் சொன்னேன். வெறும் பெயர்ப்பட்டியல், ஆராதனையில் யாரும் வாசிக்காத அதிகாரம். பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் ஊர் ஊராக எண்ணப்பட்டிருக்கிறார்கள். 23ஆம் வசனத்தில் அவள் விரல் நின்றது. ஆனதோத் ஊரார், 128 பேர்.